நாற்பது ரூபாய் ஓ-ரிங்குக்கு நான் தண்டம் அழுத பன்னிரண்டாயிரம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12,050 ரூபாய், ஐந்து வாரம், அதோடு ஹவுஸ் ஓனர் அம்மாவுடன் இருந்த பேச்சுவார்த்தை. இவ்வளவும் போன பிறகு என் காரின் ஆயில் ஒழுக்கை நிறுத்தியது நாற்பது ரூபாய் ரப்பர் வளையம் ஒன்றும், கூட இரண்டு சில்லறைச் சாமான்களும்தான். மெக்கானிக் படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது, ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஸ்பானரைக் கையில் எடுத்ததே இதுதான் முதல் தடவை. யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1998 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. 1993-ல் வந்து 2006 வரை தயாரானதே, அந்தப் பழைய உருண்டை ஜென். 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய இன்ஜின். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. விற்க மனசு வரவில்லை என்பது பாதிக் காரணம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, வாரம் இரண்டு நாள் பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு பிசியோதெரபி கூட்டிப் போக வேண்டியிருப்பது மீதிக் காரணம். ஆட்டோவில் ஏறி இறங்கினால் அம்மாவுக்கு வலி தாங்காது.

ஒரு நாள் காலையில் ஹவுஸ் ஓனர் அம்மா கதவைத் தட்டினார்கள். "இங்க வந்து பாரும்மா, டைல்ஸ் போட்டு ஆறு மாசம்கூட ஆகல." போய்ப் பார்த்தால் வண்டிக்கு அடியில் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். துடைத்துவிடுகிறேன் என்று சொல்லித் துடைத்தேன். மறுநாள் மறுபடி. நான் செய்த முதல் தப்பு இங்கேதான். ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டைத் தொடும்போதெல்லாம் அரை லிட்டர், அரை லிட்டராக மொத்தம் மூன்று லிட்டர் ஊற்றியிருப்பேன், 1,350 ரூபாய். அப்படி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால், வீடு பக்கம்தானே, போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள். அந்த லைட் சொல்வது ஆயில் குறைவை அல்ல, ஆயில் பிரஷரே இல்லை என்பதை. அதற்கு மேல் ஓட்டினால் பேரிங் போய்விடும், அப்புறம் லீக் என்பது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

முதலில் போனது தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு. பையன் பானட்டைத் திறந்தான், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரம் ஈரமாக இருந்ததைக் காட்டினான், நீளமான ஸ்பானரைப் போட்டு எல்லா போல்ட்டையும் இறுக்கினான். "டைட் பண்ணிட்டேன் மேடம், இனி வராது." வாட்டர் வாஷோடு சேர்த்து 400 ரூபாய். அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. கேப்பைக் கழற்றி ஊதித் துடைத்த பிறகுதான் கிளம்பியது. இரண்டு நாளில் லீக் முன்பைவிட அதிகம். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தக் கவருக்கு அடியில் இருப்பது ரப்பர் பேக்கிங். பழசாகிக் கல்லாகிப் போன ரப்பரை அளவுக்கு மீறி இறுக்கினால் அது பிதுங்கும், அல்லது வெடிக்கும். இறுக்கினால் லீக் நிற்கும் என்பது குழாய்க்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

அடுத்தது கொஞ்சம் பெரிய இடம். லிஃப்டில் தூக்கி, டார்ச் அடித்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தைக் காட்டினார்கள். அங்கிருந்துதான் சொட்டுச் சொட்டாக விழுந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். "பேக் ஆயில் சீல் போயிருச்சு மேடம். கியர் பாக்ஸை இறக்கணும். இறக்கறதோட கிளட்ச் செட்டையும் மாத்திடுங்க, அப்புறம் தனியா இறக்கினா டபுள் லேபர்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கிரான்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம், ஃப்ளைவீலுக்கு முன்னால் இருக்கிற சீல் அது. போய்விட்டால் கியர் பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது என்பதும் உண்மை. 9,200 ரூபாய். மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் பிசியோதெரபிக்குப் போய்வந்த கால் டாக்சி 1,100. வண்டி வந்த ஆறாவது நாள் காலை, தரையில் அதே தோசைக்கல்.

திரும்பிப் போய் நின்றேன். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டி மேடம், அங்கங்க கசியத்தான் செய்யும். 20W-50 ஊத்துங்க, கெட்டி ஆயில், கம்மியாயிடும்." அப்பா எப்போதும் 20W-40 ஊற்றுவார். ஆயிலை மாற்றி ஓட்டையை மறைக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது. வாசலிலேயே அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. அப்பா இருந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பார்களா என்று வழியெல்லாம் ஒரே புழுக்கம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையே சொன்னாள், "உங்கப்பா இருந்திருந்தா…" என்று. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

கோபத்தில்தான் மூளை வேலை செய்தது. அந்த சீல் போயிருந்தால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு கிளட்ச் ஸ்லிப் ஆகியிருக்க வேண்டும் இல்லையா? எனக்கு ஒரு நாளும் ஸ்லிப் ஆனதில்லை. ஃப்ளைஓவர் ஏறும்போதுகூட சுத்தமாக இழுக்கும். அப்படியென்றால் ஆயில் வேறெங்கிருந்தோ வழிந்து வந்து அந்த இடத்தில் சொட்டுகிறது. மழைக் காலத்தில் ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது, எங்கேயோ உடைந்த ஓட்டிலிருந்து கைமரம் வழியாக ஓடிவந்து நம் தலையில் விழும். இன்ஜினும் அதேதான். ஆயில் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரமான இடங்களிலேயே எது மிக உயரத்தில் இருக்கிறது என்றுதான் தேட வேண்டும். இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் செய்யாதது இதைத்தான். ஒருவர் மேலே ஈரத்தைப் பார்த்து இறுக்கினார், இன்னொருவர் கீழே சொட்டைப் பார்த்து இறக்கினார். நடுவில் யாரும் துடைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். அதற்கு முந்தின இரவே வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, நாலு முனையிலும் கல் வைத்து, முன் சக்கரம் எங்கே வருகிறது என்று பேனாவால் குறித்திருந்தேன். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதும், அதன் நிறமும் வாசனையும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பழுப்போ கறுப்போ, விரலில் வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, அழுகின முட்டை மாதிரி கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் தண்ணீராக, லேசாகத் தித்திப்பு வாசனையோடு இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, பயப்படவே வேண்டாம். என்னுடையது சந்தேகமில்லாமல் இன்ஜின் ஆயில்.

அப்புறம் கழுவல். அரை லிட்டர் டீசல், பழைய டூத் பிரஷ், பெயின்ட் பிரஷ். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும், பெட்ரோலால் கழுவவே கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கார்புரேட்டருக்கும் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன், முதல் ஒர்க்‌ஷாப்பில் 400 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம். மேலிருந்து கீழாக, பல் தேய்ப்பது போல ஒவ்வொரு மூலையாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். இரண்டரை மணி நேரம். இருபத்தைந்து வருஷ அழுக்கு போய் அலுமினியம் வெளியே தெரிந்தபோது, வண்டி சரியாகிவிட்டது போலவே ஒரு சந்தோஷம். கழுவின டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் பிடித்து வைத்து, பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு அம்மாவின் குட்டிக்கூரா பவுடரை மெல்லிய துணியில் கட்டி இன்ஜின் பின்பக்கம் தட்டினேன். பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கும், ஆயில் கசிகிற இடத்தில் கறுப்புக் கோடு விழும் என்று கணக்கு. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "எனக்கே இவ்ளோ பவுடர் போட்டுவிட்டதில்ல நீ" என்றாள். பெல்ட் பக்கம் மட்டும் பவுடர் போகக் கூடாது, வழுக்கும். வண்டியை நகர்த்தாமல் இருபது நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டேன். ஒன்றுமே இல்லை. பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அப்படியே மனசு விட்டுப் போயிற்று.

பிறகுதான் புரிந்தது, ஐடிலில் கசியாத லீக் ஓட்டத்தில் கசியும். ஆனால் ஓட்டினால் பவுடர் காற்றில் பறந்துவிடுமே? அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. அதில் விரல் அகலத்தில் மூன்று துண்டு கிழித்து, சந்தேகப்பட்ட மூன்று இடத்துக்கும் அடியில் மெல்லிய கம்பியால் கட்டினேன். ஒன்று டேப்பட் கவரின் பின் மூலை. இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் சேருகிற இடம். மூன்று ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஒற்றை ஒயர் போகிற சின்னக் குமிழ். சூடாகிற சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கமோ, சுற்றுகிற எதற்கும் பக்கமோ துணி போகக் கூடாது. எண்ணெயில் நனைந்த துணி தீப்பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, முடியைக் கொண்டை போட்டுக்கொண்டுதான் பானட்டுக்குள் தலையை விட்டேன். ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுற்ற ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது. மூலக்கடை வழியாக மாதவரம் ரவுண்டானா வரை போய்த் திரும்பினேன். முப்பது நிமிஷம் இருக்கும். பானட்டைத் திறந்தால், மூன்றாம் துண்டு சுத்தம், முதல் துண்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கறை, இரண்டாவது துண்டு பஜ்ஜி எடுத்து வைத்த காகிதம் போல நனைந்து தொங்கியது.

வண்டிக்கு அடியில் நான் படுக்கவே இல்லை. செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டி, டார்ச்சைப் போட்டு, கீழே விட்டு வீடியோ எடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலிருந்து கியர் பாக்ஸ் மேல் வழிந்து, சுற்றிக்கொண்டு, சரியாக அந்த இரண்டாம் ஒர்க்‌ஷாப்பில் காட்டிய இடத்தில் சொட்டியது. கட்டாயம் அடியில் போயே ஆக வேண்டும் என்றால், ஜாக்கி மட்டும் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் போகவே வேண்டாம்.

சாமானுக்கு, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு போனேன். முதல் தடவை வெறுங்கையோடு போனது இன்னொரு முட்டாள்தனம். "பழசு கொண்டாந்தியாம்மா? ஜென்லயே கார்புரேட்டர் தனி, எம்பிஎஃப்ஐ தனி" என்றார் கடைக்காரர். எம்பிஎஃப்ஐ என்பது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற மாடல். டேப்பட் கவர் பேக்கிங்கை மட்டும் 220-க்கு வாங்கிக்கொண்டு, பாதி நாள் லீவு வீணாகத் திரும்பினேன். வேறொரு கடையில் டப்பாவிலிருந்து ஏதோ ஒரு ஓ-ரிங்கை எடுத்து, சைஸ் ஒத்து வரும் என்று நீட்டினார்கள், வாங்கவில்லை. சூட்டுக்கும் ஆயிலுக்கும் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும். சும்மா தண்ணீர்க் குழாயில் போடுகிற வளையம் சில வாரத்தில் உப்பிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்குத்தான் பயந்தேன். அதைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலே இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழுகிற நேரம், மாறிவிடும். ஆபீஸ் வொய்ட்னரால் டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரே கோடு இழுத்தேன், கேப்பைத் திறந்து உள்ளே சுற்றுகிற ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். அது வெளியே இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது என்று சாவியை அம்மா மடியில் வைத்தேன். போல்ட்டைக் கழற்றி, மெதுவாக ஆட்டி இழுத்தால் வந்துவிட்டது. அந்த ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டுமே. உருண்டையாக இருக்க வேண்டியது சதுரமாகத் தட்டையாகி, பளபளவென்று இருந்தது. நகத்தால் நெம்பினேன், காய்ந்த வத்தல் போல 'டிக்' என்று இரண்டாக ஒடிந்தது. துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மறுபடி ஜி.பி. ரோடு. நாற்பது ரூபாய்.

புதுசுக்கு இன்ஜின் ஆயிலைத் தடவி, லேசாகத் திருகியபடி உள்ளே தள்ளினேன். வறட்டு ரப்பரைத் தள்ளினால் கிழியும். கையோடு டேப்பட் கவரையும் கழற்றினேன். பழைய பேக்கிங் மூன்று இடத்தில் வெடித்திருந்தது, அந்தப் பையன் இறுக்கினதன் புண்ணியம். ஒட்டியிருந்த பிசினை பிளேடால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த லீக். பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினேன், தூள் உள்ளே விழாமல் பழைய துணியை அடைத்துவைத்து. சீலன்ட் ட்யூபைக் கவர் முழுக்கப் பிழிகிறார்களே, அதுவும் கூடாது. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து போய் இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பில் இருக்கிற வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். மூலைகளில் மட்டும் அரிசி அளவு வைத்தேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக இறுக்கினேன். ஸ்பானரின் கடைசியைப் பிடிக்காமல் தலைப்பக்கம் இரண்டு விரலால் பிடித்தால் தேவைக்கு மேல் இறுகாது. அலுமினியத்தில் மரை போய்விட்டால் அதற்கு வேறு செலவு.

அந்தக் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகிற பிரீதர் ஹோஸை வாயால் ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. உள்ளே தார் மாதிரி அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் உண்டாகிற வாயு வெளியேற வழியில்லாவிட்டால், இருக்கிற பலவீனமான பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளும். இதை மாற்றாமல் ஓ-ரிங்கை மட்டும் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் வேறெங்கோ கசிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆயில் தாங்குகிற ஹோஸ் 130 ரூபாய், சீலன்ட் 110, டீசல் 47. மொத்தம் 547. வேலை முடிந்து ஓடவிட்டபோது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வதும் நல்லது. லேசாக மூச்சு விட்டால் பரவாயில்லை, ரயில் இன்ஜின் போலக் குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எந்தப் பேக்கிங்கும் தாங்காது, நல்ல மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் வண்டி நடுங்கியது, 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கை கால் உதறிவிட்டது, இன்ஜினே போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். நாற்பது நிமிஷம் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்டோவை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், இரண்டு பிளக் ஒயரை மாற்றி மாட்டியிருந்தேன். பிளக் பக்கம் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டவள், கேப் பக்கம் போட மறந்திருந்தேன். ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழுகிற வரிசை, 1-3-4-2. சரியாக மாட்டியதும் அப்பா காலத்துச் சத்தம் வந்தது.

மறுநாள் காலை செய்தித்தாளில் மூன்று சொட்டு. அதற்கு அடுத்த நாள் ஒன்று. இந்த இரண்டு நாள் நான் பட்டது யாரும் பட வேண்டாம் என்பதால் சொல்கிறேன். கியர் பாக்ஸ் கூட்டுக்குள், நம் பிரஷ் எட்டாத இடத்தில் பழைய ஆயில் தங்கியிருக்கும், அது வடிந்து தீர நாளாகும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எதையாவது கழற்ற ஆரம்பிக்காதீர்கள். நாலாம் நாள் தாள் காய்ந்து கிடந்தது. இப்போது இரண்டு மாதம் ஆகிறது, டிப் ஸ்டிக்கில் கோடு அப்படியே இருக்கிறது.

கழற்றின பழைய ஆயில் சீலை அந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன். மாற்றுகிற எந்தச் சாமானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் உதடு மெத்தென்று, விரலால் அழுத்தினால் வளைந்து திரும்பி வந்தது. கொண்டுபோய்க் காட்டிச் சண்டை போடலாமா என்று யோசித்தேன், தெம்பில்லை.

டைல்ஸ் கறைக்கு சிமென்ட் தூளைக் கொட்டி இரவு முழுக்க வைத்துப் பெருக்கினேன், மூன்று தடவை. முக்கால்வாசி போயிற்று. மீதி லேசாக ஒரு நிழல் மாதிரி தெரிகிறது. ஹவுஸ் ஓனர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் கோலம் போடப் போகிறார்கள், அட்வான்ஸில் பிடிப்பார்களோ என்னவோ.